கென்ட், ஆஸ்வால்ட்: இருவருமே விசுவாசிகள்தானே?

ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில் வரும் இந்த இருவரிடமும் விசுவாசம் உண்டு. எஜமானர் தப்பு செய்யும்போது தடுக்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு. ஆஸ்வால்டும் தன் எஜமானி கானரிலுக்கு, அதாவது லியர் அரசனின் மூத்த மகளுக்கு, உண்மையாக இருக்கிறானே, அவன் மட்டும் ஏன் கெட்டவன் என்று கேட்டிருக்கிறீர்கள். கென்ட் பிரபு முதல் காட்சியிலேயே அரசன் லியரை நேருக்கு நேர் எதிர்த்து நாடுகடத்தப்படுகிறான்; அப்புறம் மாறுவேடத்தில் வந்து அவனுக்கே ஊழியம் செய்கிறான். ஆஸ்வால்டோ பரிசுக்காகக் கண்ணிழந்த கிளாஸ்டர் பிரபுவைக் கொல்லவே வாளை உருவுகிறான்.

இரண்டாம் அங்கத்தில் கென்ட் ஆஸ்வால்டைத் திட்டித் தீர்ப்பதை மட்டும் படித்தால் கென்ட்தான் முரடனாகத் தெரிவான். உங்கள் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சியைப் படித்துப் பாருங்கள். கிளாஸ்டரின் கண்ணைப் பிடுங்கும் கார்ன்வாலை (லியரின் இரண்டாம் மகள் ரீகனின் கணவன்), சிறுவயதிலிருந்தே அவனிடம் வேலை பார்த்த பெயரில்லாத ஒரு பணியாள் மறிக்கிறான். உங்களைத் தடுப்பதுதான் நான் செய்த ஊழியங்களிலேயே மேலானது என்கிறான். ரீகன் அவனைப் பின்னாலிருந்து குத்திக் கொல்கிறாள். நாடகத்திலேயே என்னை உலுக்கும் இடம் இது. (இந்தக் காட்சியின் முடிவில் மற்றப் பணியாளர்கள் பேசும் வரிகள் 1608 பதிப்பில் உண்டு, 1623 பதிப்பில் இல்லை. உங்கள் புத்தகம் எதைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள்.)

ஒன்று, ஆஸ்வால்டை வெறும் கோழை என்று எழுதிவிடாதீர்கள். சாகும் தறுவாயிலும் கானரிலின் கடிதத்தைச் சேர்ப்பிக்கும்படி கெஞ்சுகிறவன் அவன்.