பதில்: பிஎம்டபிள்யூ 520டி டீசல் கார் மிதித்ததும் தயங்குகிறது, 530டி-க்கு மாறலாமா?

60 கி.மீ. வேகத்தில் அழுத்தி மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுப் பாய்கிறது என்கிறீர்கள். அதற்கு 2 லிட்டர் எஞ்சினை மட்டும் குறை சொல்ல முடியாது. கம்ஃபர்ட் மோடில் கியர்பாக்ஸ் மைலேஜுக்காக உயர் கியரிலேயே கிடக்கும். ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 1,500-க்கும் கீழே. உங்கள் ஜி30 தலைமுறை 520டி-யின் முழு 400 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது முறுக்குவிசை, 1,750-க்கு மேல்தான் வரும். கியர் இறங்கி, டர்போ காற்றழுத்தம் ஏறும் நேரம்தான் அந்தத் தயக்கம்.

லீவரை இடதுபக்கம் தள்ளி எஸ்-இல் (ஸ்போர்ட் மோடில்) வைத்து, அதே வேகத்தில் மிதித்துப் பாருங்கள். தயக்கம் போய்விட்டால் வண்டியில் கோளாறு இல்லை. போகவில்லையா? டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் காற்றுக்கசிவு, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் கரி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கியர் விழும்போது உதறினால் கியர் ஆயிலைச் சந்தேகியுங்கள். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்பார்கள். ஆனால் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர், கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனோடு (ஆயில் தட்டு) சேர்ந்தே வரும், பேனையும் மாற்றியாக வேண்டும்.

530டி-யிலும் இதே குடும்பத்து 8 கியர் பெட்டிதான். ஆனால் 3 லிட்டர், 620 என்எம். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.7 நொடி, உங்களுடையதற்கு 7.5. நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றால் மாறுங்கள். நகர நெரிசலுக்கு வீண் செலவு.