பூட்டில்லாத பேனாக்கத்தி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் லீட்ஸில் வசிக்கிறேன். தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக்கத்தி வாங்க நினைக்கிறேன். பார்சல் பிரிக்க, மதியம் ஆப்பிள் நறுக்க, வாடகைக்கு எடுத்திருக்கும் காய்கறிப் பாத்தியில் சணல் கயிறு அறுக்க, அவ்வளவுதான் வேலை. மூன்று கத்திகளில் தயங்கி நிற்கிறேன்: கேஸ் நிறுவனத்தின் மஞ்சள் பிடி, மூன்று அலகு ஸ்டாக்மேன், ஷெஃபீல்டில் செய்த ஒற்றை அலகு லாம்ப்ஸ்ஃபுட், விக்டரினாக்ஸ் கடெட். பூட்டு இல்லாத கத்தி விரல்மேல் மடங்கிவிடாதா? கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும் என்கிறார்களே? நகம் உடையும் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

லீட்ஸ் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். பூட்டில்லாத கத்தியைத் தேடுவதற்கு உங்கள் ஊரில் அதுவே காரணம். 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு: மடங்கும் பேனாக்கத்தியின் வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேல் போகாவிட்டால், பொது இடத்தில் வைத்திருக்கக் காரணம் காட்டத் தேவையில்லை. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு இந்த விலக்கு கிடையாது என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நீங்கள் சொன்ன மூன்றும் இந்த வரம்புக்குள் அடங்கும். பிரெஞ்சு மடக்குக்கத்தியான ஓபினெல் 8ஆம் எண் அடங்காது: அலகு 8.5 செ.மீ., பூட்டு வளையமும் உண்டு. கேஸ் நிறுவனத்தின் இன்னொரு கத்தியான ட்ராப்பரில் பூட்டு இல்லை, ஆனால் அலகு 3 அங்குலத்தைத் தாண்டும். விமானப் பயணத்தில் எந்தக் கத்தியானாலும் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.

இனி விரல்மேல் மடங்குமா என்ற கேள்வி. இந்தக் கத்தியின் முதுகோடு நீளமாக ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிப்பகுதி ஓர் அச்சாணியில் சுழல்கிறது. அலகு முழுதாகத் திறந்ததும் அந்த அடிப்பகுதியின் தட்டையான முகத்தில் ஸ்பிரிங்கின் நுனி வந்து அழுந்தி உட்காரும். அலகைப் பிடித்து வைத்திருப்பது இந்த அழுத்தம் மட்டுமே. வாயால் வெட்டும்போது விசை அலகைத் திறக்கும் பக்கமே தள்ளுகிறது, அதனால் ஆபத்தில்லை. நுனியால் குத்தித் துளைத்தாலோ, முதுகில் அடித்தாலோ, ஆழமாகச் செருகிய அலகைத் திருகி வெளியே இழுத்தாலோ விசை எதிர்ப்பக்கம் திரும்பி அலகு விரலை நோக்கி மடங்கும். பெல்ட்டில் ஓட்டை போட இந்தக் கத்தியை எடுக்காதீர்கள். பார்சல் டேப்பை நுனியால் குத்திக் கிழிக்காமல் அலகைச் சாய்த்து, வாயால் இழுத்தே அறுங்கள். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பூட்டு இல்லாத குறை தெரியாது.

கத்தி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டீலின் பெயரைக் கேட்கிறார்கள். நான் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்வேன். கத்தியை மூடிய நிலையில் விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் இருபுறப் பித்தளைத் தகடுகளுக்கும் இடையே வெளிச்சக் கோடு தெரியக்கூடாது. பிறகு முதுகை விரலால் தடவுங்கள்: மூடியபோதும், திறந்தபோதும், பாதியில் நின்றாலும், ஸ்பிரிங் தகடுகளோடு சமமாக இருந்தால் அது அக்கறையான வேலை. ஒரு நிலையில் மட்டும் லேசாக மேலேயோ கீழேயோ இருந்தால் குறைதான், பயன்பாட்டைக் கெடுக்காது. வெளிச்சம் தெரியும் இடைவெளிதான் தொல்லை, பாக்கெட் பஞ்சும் ஈரமும் அதற்குள் போய்த் தங்கும்.

அடுத்து, திறந்த அலகின் நுனியை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், பிறகு மேலும் கீழும். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தால் அச்சாணியை மெல்லத் தட்டி இறுக்கிவிடலாம். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங்கும் அலகின் அடியும் பொருந்தவில்லை என்று அதற்குப் பொருள், வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதில்லை. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஸ்பிரிங்கின் உட்புறத்தில் போட்டு, அலகை அதன்மேல் மெதுவாக மூடுங்கள். காகிதம் வெட்டுப்பட்டால் வாய் ஸ்பிரிங்கில் இடிக்கிறது. ஒவ்வொரு தடவை மூடும்போதும் அதே இடத்தில் வாய் நசுங்கும். 'புதுக்கத்தி ரெண்டு நாளில் மொண்ணையாகிவிட்டது' என்ற புகாருக்குப் பின்னால் பல தடவை இருப்பது இதுதான். காரணம் அலகின் அடியில் இருக்கும் சின்ன மேடு. மூடிய அலகு அந்த மேட்டின்மேல்தான் தங்க வேண்டும். நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சிலர் அதை அரத்தால் ராவுவார்கள். அளவு தப்பினால் அலகு கூடுதலாக உள்ளே இறங்கி ஸ்பிரிங்கில் மோதும். நீங்கள் ராவ வேண்டாம்.

நகம் உடையும் என்றவர் பொய் சொல்லவில்லை. கத்திக்காரர்கள் திறக்கும் இறுக்கத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள். 5, 6 போதும். 8க்கு மேல் போனால் ஈரக்கையில் திறக்கமுடியாது, வழுக்கும்போதுதான் கை வெட்டுப்படும். 3க்குக் கீழே போனால் பிடிமானம் போதாது. சில கத்திகளில் அலகு பாதி வழியில், செங்கோணத்தில், ஒரு நொடி நின்று பிறகு நகரும். மூடும்போது விரலுக்கு அது ஓர் எச்சரிக்கை. ஆனால் இறுக்கமான ஸ்பிரிங்கில் அந்த நிறுத்தத்தைக் கடக்கக் கூடுதல் பலம் வேண்டும், அப்போதுதான் நகம் போகும். அந்த நிறுத்தம் இல்லாமல் உருண்டு நகரும் கத்திதான் உங்கள் வேலைக்கு ஏற்றது. நல்ல கத்தி திறக்கும்போது வழவழவென்று போய், கடைசியில் 'டக்'கென்று உட்காரும். ஆங்கிலத்தில் அதை 'நடையும் பேச்சும்' (walk and talk) என்கிறார்கள். அந்த 'டக்' காதுக்குச் சுகம்தான், ஆனால் மூடும்போது கைவிட்டு அறையவிடாதீர்கள்.

இனி உங்கள் மூன்று கத்திகள். கேஸ் கத்தியின் எண்ணை வைத்தே அதன் விவரத்தைப் படித்துவிடலாம். 3318 என்றால் முதல் 3 மஞ்சள் பிளாஸ்டிக் பிடி, அடுத்த 3 மூன்று அலகுகள், 18 அந்த வடிவத்தின் எண். கூரிய நுனி கொண்ட ஒன்று, நேர்வாய் ஒன்று, மழுங்கிய நுனி கொண்ட ஒன்று. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்கிறார்கள், அருமையான கத்தி. ஆனால் மூன்று அலகுகளை ஒரு பிடிக்குள் அடைக்க அவற்றைச் சற்று வளைத்துதான் அடுக்க முடியும். ஒன்றையொன்று உரசிக் கோடு போடும், இடுக்குகளில் அழுக்கும் சேரும். உங்கள் வேலைக்கு இரண்டு அலகுகள் சும்மா கிடக்கும்.

நான் லாம்ப்ஸ்ஃபுட் வாங்கச் சொல்வேன். ஆட்டின் குளம்பைச் சீவ வந்த வடிவம் அது. வாய் ஒரே நேர்க்கோடு, முதுகுதான் நுனியை நோக்கிச் சரிகிறது. பலகையில் ஆப்பிளை வைத்தால் வாய் முழுதும் ஒட்டி நறுக்கும், கயிற்றை அறுக்கையில் வழுக்கி ஓடாது. சாணைக்கல்லில் தீட்டுவதும் இதைப்போல் எளிது வேறொன்றில்லை: ஆயிரம் கிரிட் (பரலின் நுண்மை அளவு) கல்லை நனைத்து, பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 பாகைச் சாய்வில், வாய் முழுதையும் கல்லில் படவிட்டு இழுத்தால் போதும், நுனிக்காகக் கையைத் திருப்ப வேண்டியதில்லை. கையால் கோத்துச் செய்வதால் ஷெஃபீல்ட் கத்திகள் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. மேலே சொன்ன சோதனைகளைக் கடையிலேயே செய்து, இரண்டு மூன்றில் ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். தபாலில் வாங்கினால், திருப்பி அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கார்பன் ஸ்டீல் லாம்ப்ஸ்ஃபுட் என்றால் ஒரே நிபந்தனை, வெட்டியவுடன் துடைக்க வேண்டும். கார்பன் ஸ்டீலில் ஆப்பிள் பட்ட சில நிமிடத்தில் நீலச்சாம்பல் நிறம் படரும். அது கெடுதல் இல்லை, அந்தப் படலம் படிந்தபின் துரு அவ்வளவு சுலபமாக ஏறாது. செம்பழுப்புப் பொடிதான் துரு, கண்டதும் துடைத்துவிடுங்கள். எலுமிச்சை அறுத்து அப்படியே பையில் போடுகிறவர் என்றால் கடெட் வாங்குங்கள். அதுவும் பூட்டில்லாத ஸ்பிரிங் கத்திதான், மூடிய நிலையில் 84 மி.மீ. நீளம், அலுமினியப் பிடி, துருப்பிடிக்காத அலகு. தீட்டுவதும் சுலபம். பிடி மெலிது, பெரிய கைக்கு நெடுநேர வேலையில் அழுத்தும்.

எண்ணெய் பற்றி ஒன்று. நம்மவர்கள் கை தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும், லீட்ஸ் குளிரில் அச்சாணிக்குள் வெள்ளையாய்க் கட்டி அலகை மந்தமாக்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் ஒரு சொட்டு அச்சாணியிலும், ஒரு துடைப்பு அலகிலும் போதும். மாதம் ஒரு தடவை வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு கலந்து, அலகைத் திறந்து மூடி அழுக்கை வெளியேற்றுங்கள். முழுதும் காய்ந்தபின்தான் எண்ணெய். எலும்புப் பிடி போட்டதை ஊறவைக்காதீர்கள், ஹேர் டிரையர் சூட்டையும் காட்டாதீர்கள், வெடிப்பு விடும். துணியால் துடைத்து ஓர் இரவு பாதி திறந்து வையுங்கள்.