பட்டு கவுனுக்கு மேல் சிவப்புப் பின்னல் சால்வை

கேள்வி: திருமணத்தன்று யானைத்தந்த நிறப் பட்டில் தைத்த நீண்ட கவுன் அணியப்போகிறேன். அதன்மேல் போர்த்திக்கொள்ள அடர் சிவப்பில் ஒரு சால்வையை நானே பின்ன ஆசை. உடையோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியுமா? சிவப்புச் சாயம் பட்டில் ஏறிவிடுமா?

பதில்: தாராளமாகப் பின்னுங்கள். வேலைப்பாடு குறைந்த வெளிர்நிறப் பட்டின் மேல் அழுத்தமான ஒரே நிறம் எடுப்பாகத்தான் இருக்கும். சால்வையைத் துருத்திக் காட்டுவது பெரும்பாலும் நிறமல்ல, நூலின் தடிமன். ஸ்வெட்டர் பின்னும் தடித்த கம்பளி நூல் மெல்லிய பட்டின் மேல் பாரமாகத் தொங்கும். 50 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வரும் மெல்லிய நூலை, அதிலும் மெரினோ கம்பளியும் பட்டும் கலந்ததை எடுத்து, 4 மி.மீ. ஊசியில் சற்றுத் தளர்வாகப் பின்னினால், சால்வை துணியைப் போலவே மடிந்து விழும். மொஹேர் நூல் (அங்கோரா ஆட்டின் மயிரில் நூற்றது) பார்க்க அழகுதான். ஆனால் அதன் மென்மயிர்கள் உதிர்ந்து உடையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், திருமண உடைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சாயத்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அடர் சிவப்பில் மிகுதிச் சாயம் தங்கியிருப்பதுண்டு. வியர்வையின் ஈரமே அதை இறக்கப் போதும். எனவே முழுச் சால்வையையும் தொடங்குமுன் உள்ளங்கையளவு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்த ஈரத் துண்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கனமான பொருளை மேலே வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் வெள்ளைத் துணியில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால், மாதிரியை நீர் தெளியும்வரை அலசி மறுபடி சோதிக்கலாம். அப்போதும் கறை படிந்தால், எவ்வளவு பிடித்த நூலானாலும் மாற்றிவிடுவதே நல்லது.

பின்னி முடித்ததும் சால்வை சுருங்கிக் கசங்கியதுபோல் தெரியும், கலங்க வேண்டாம். நனைத்து, நீரைத் துவாலையில் ஒற்றியெடுத்து, மெத்தையில் இழுத்து விரித்துத் துருப்பிடிக்காத குண்டூசிகளால் நிறுத்தி, முற்றிலும் காய்ந்தபின் எடுத்தால் கண்ணிகள் திறந்து வேலைப்பாடு தெளிவாகும். இதற்காகவே திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது பின்னலை முடித்துவிடுங்கள்.

பட்டின் மேல் சால்வை வழுக்கும். அதற்காக ஊசி குத்தினால் பட்டில் துளை நிற்கும். மாறாக, கவுனின் தோள் தையலில் ஒரு சிறு பிரஸ் பட்டனின் பாதியையும், சால்வையின் உட்புறத்தில் அதே சிவப்புத் துணித்துண்டு வைத்து மறுபாதியையும் தைத்துவிட்டால், சால்வை நழுவாது, வேண்டும்போது எளிதாகக் கழற்றவும் முடியும்.