மார்சேய் சுட்டு வீழ்த்தப்பட்டாரா?

உங்கள் கட்டுரைக்கு, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானி ஹான்ஸ்-யோவாகிம் மார்சேயின் வெற்றிகள், அதாவது அவர் வீழ்த்திய எதிரி விமானங்கள், 158 என ஓரிடத்திலும் 151 என வேறோரிடத்திலும் இருப்பதாகவும், அவர் எதிரியால் வீழ்த்தப்பட்டாரா என்பது தெளிவாகவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு எண்களுமே சரி: 158 என்பது மொத்தக் கணக்கு, 1940இல் பிரிட்டன் மீதான வான்போரில் பெற்ற 7 வெற்றிகளைக் கழித்தால், 1941 ஏப்ரலில் 27ஆம் போர் விமானப் படைப்பிரிவுடன் வட ஆப்பிரிக்கா சென்றபின் கிடைத்தவை 151.

ஆயினும் இவை ஜெர்மன் தரப்பு ஏற்றுக்கொண்ட உரிமைகோரல்களே. 1942 செப்டம்பர் 1 அன்று ஒரே நாளில் 17 விமானங்கள் என்ற கணக்கை நேச நாடுகளின் இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு என்பதால், 'வீழ்த்தினார்' என்பதைவிட 'வீழ்த்தியதாகக் கணக்கில் ஏற்றப்பட்டது' என்று எழுதுவதே நேர்மை. அவருடைய குறிதவறாமையை ஐயுறுவதற்கில்லை. வட்டமிட்டு ஒன்றையொன்று காத்துக்கொண்ட எதிரி விமானங்களின் நடுவே புகுந்து, இலக்கு இருக்கும் இடத்தையன்றி அது வந்து சேரவிருக்கும் இடத்தை நோக்கிச் சுட்ட திறனே அவரைத் தனித்துக் காட்டியது.

அவரை எவரும் வீழ்த்தவில்லை. 1942 செப்டம்பர் 30 அன்று, புதிதாகப் பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2 விமானத்தின் எஞ்சின் பழுதாகி, விமானி அறையில் புகை சூழ, அவர் வெளியே குதித்தபோது விமானத்தின் வால்பகுதி மார்பில் மோதியது, பாராசூட் விரியவேயில்லை. அப்போது அவருக்கு வயது 22.