நியூட்ரினோவின் நிறையை வானம் சொல்லுமா?

கேள்வி: அடிப்படைத் துகள் கோட்பாட்டின்படி நியூட்ரினோவுக்கு நிறையே கிடையாது. கேலக்ஸிகளை அளந்து அதன் நிறையைச் சொல்கிறார்களே, எப்படி? மடிக்கணினியில் நாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?
– இயற்பியல் மாணவி, காரைக்குடி

பதில்: தாராளமாக. பெருவெடிப்புக்குப் பின் ஒரு வினாடி வாக்கில் பிற துகள்களைவிட்டுப் பிரிந்த நியூட்ரினோக்கள் (மின்னூட்டமற்ற, மிக லேசான துகள்கள்) இன்றும் எங்கும் இருக்கின்றன. உங்கள் வீட்டு வளவிலும் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 336. எண்ணிக்கை தெரியும் என்பதால், தெரிய வேண்டியது நிறை மட்டுமே. வேகமாக ஓடும் இவை சிறிய திரட்சிகளில் தங்குவதில்லை. அதனால் அங்கே கேலக்ஸிகள் திரள்வது மந்தப்படுகிறது. நியூட்ரினோவின் மூன்று வகைகளின் நிறையும் சேர்ந்து 0.06 எலக்ட்ரான் வோல்ட் (துகள் நிறையைச் சொல்லும் அலகு) என்றால், மொத்தப் பருப்பொருளில் அது அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் சிறு தொலைவுகளில் திரட்சியின் வலிமை சுமார் மூன்றரை சதவீதம் குறையும். அளக்கக்கூடிய அளவுதான்.

பேரண்டத்தின் வளர்ச்சியைக் கணக்கிடும் 'கிளாஸ்' (CLASS) என்ற இலவச நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். நிறையுள்ள நியூட்ரினோ 1, நிறை 0.06 என்று கொடுங்கள். கூடவே, நிறையற்றவற்றுக்கான 'என் யூஆர்' (N_ur) எண்ணை 3.044-லிருந்து 2.0308 ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் நான்கு நியூட்ரினோ வகை உள்ள பேரண்டம்தான் வரும். நிரல் பிழை எதுவும் காட்டாது! நிறையை மட்டும் ஏற்றினால் மொத்தப் பருப்பொருளும் கூடிவிடும். எனவே நியூட்ரினோ நிறையை 93.14-ஆல் வகுத்து, வரும் எண்ணை, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் இருண்ட பொருளுக்கான எண்ணிலிருந்து (omega_cdm) கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

'நிறை கண்டுபிடிப்பு' என்று தலைப்பு வந்தால் நம்ப வேண்டாம். வானத்திலிருந்து கிடைத்திருப்பது உச்சவரம்பு மட்டுமே. கேலக்ஸிகளை அளக்கும் அரிசோனாவின் தேசி (DESI) ஆய்வு, பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியின் தரவோடு சேர்த்து 2025-ல் சொன்ன வரம்பு 0.064. நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறுவதை (நிறை இருந்தால்தான் இப்படி மாறும்) அளக்கும் ஊசலாட்டச் சோதனைகளோ, கூட்டுத்தொகை 0.06-க்குக் குறையாது என்கின்றன. இடைவெளி மயிரிழைதான். ஆனால் பேரண்ட விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறலாம் என்று கணக்கில் இடம் கொடுத்தால், வரம்பு 0.16-க்குத் தளர்ந்துவிடுகிறது. ஆகவே இடிப்பது நியூட்ரினோவா, இருண்ட ஆற்றலா என்று இப்போதே தீர்ப்புச் சொல்வது அவசரம்.

கேள்வி: தேனியில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகமும் இதற்குத்தானா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. காந்தமேற்றிய 50,000 டன் இரும்பில் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பிடித்து, மூன்றில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் காண்பது அதன் நோக்கம். ஆனாலும் தொடர்பு உண்டு. வரிசை தலைகீழ் (இரண்டு கனம், ஒன்று லேசு) என்று தெரிந்தால் கூட்டுத்தொகை குறைந்தது 0.10 ஆகிவிடும், தேசியின் 0.064-ஓடு அது நேராக மோதும்.