‘வென்ட்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: ‘டிட் யூ வென்ட்?’ என்று பேச்சில் வந்துவிடுகிறது. ஏன் தவறு?

பதில்: நடந்து முடிந்தது என்பதை ‘டிட்’ சொல்லிவிட்டது. அடுத்து வரும் வினை மாறக் கூடாது: ‘டிட் யூ கோ?’, ‘ஐ டிட்ன்ட் கோ’. ‘போனாயா’ என்று வினையிலேயே காலம் காட்டிப் பழகியவர்கள் நாம், அதனால்தான் இந்தச் சறுக்கல். ஆனால் ‘யார் போனது?’ என்பதற்கு ‘ஹூ வென்ட்?’ சரிதான். அங்கே ‘டிட்’ இல்லையே.

கேள்வி: ‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எப்படி?

பதில்: இரண்டும் தனித்தனிச் சொற்கள். ‘ஸ்பெண்ட்’ இறந்தகாலத்தில் ‘ஸ்பென்ட்’ ஆகிறது அல்லவா? அதேபோல ‘வெண்ட்’ (wend) என்ற பழைய வினையின் இறந்தகாலம்தான் ‘வென்ட்’ (went). ‘கோ’வுக்கு முன்பு வேறொரு இறந்தகால வடிவம் இருந்தது. அது வழக்கொழிய, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் ‘வென்ட்’ அந்த இடத்தில் நிலைத்துவிட்டது. ‘வெண்ட்’ இன்றும் அபூர்வமாக எழுத்தில் தலைகாட்டும். இப்போது அதன் இறந்தகாலம் ‘வெண்டட்’.

கேள்வி: ‘ஹி ஹேஸ் வென்ட் டு மதுரை’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ பக்கத்தில் ‘வென்ட்’ வராது, ‘கான்’ (gone) வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். ‘அவர் மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் கொள்ளலாம், முன்பு எப்போதோ போய்வந்தவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இதைப் பிரித்துவிடும். இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான்’, போய்வந்த அனுபவம் என்றால் ‘ஹேஸ் பீன்’. ‘நேற்று’ என்று நாளைச் சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம், ‘ஹி வென்ட்’ போதும்.

கேள்வி: ‘பால் கெட்டுப்போச்சு’ என்பதற்கு ‘வென்ட் பேட்’ சரியா?

பதில்: சரி. இந்த இடத்தில் இரு மொழிகளும் அழகாக ஒத்துப்போகின்றன. கண் பார்வை போனது, தலை வழுக்கையானது, கம்பெனி திவாலானது, முகம் சிவந்தது, எல்லாவற்றுக்கும் ‘வென்ட்’ உண்டு. ‘இன்டர்வியூ நல்லா போச்சு’ என்பதும் அப்படியே ‘வென்ட் வெல்’. ஆனால் நம் ‘போ’ போகிற இடமெல்லாம் இது போகாது. பயந்துபோனேன், சோர்ந்துபோனேன் என்பதற்கு ‘ஐ காட் ஸ்கேர்ட்’, ‘ஐ காட் டயர்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். பயம், களைப்பு, கோபம் போன்றவற்றுக்கு ‘காட்’ என்று பழகிக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

கேள்வி: ‘வென்ட் டு ஹோம்’ சரியா?

பதில்: ‘டு’ வேண்டாம், ‘வென்ட் ஹோம்’ போதும். ‘வென்ட் ஷாப்பிங்’, ‘வென்ட் அப்ராட்’ எல்லாம் இதே வகைதான். பள்ளிக்கூடம், ஆபீஸ், கோயில் என்றால் ‘டு’ கட்டாயம்.