தண்டனைக்குப் பின் ஜாமீன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணனுக்கு 2 ஆண்டு சிறைத்தண்டனை. விசாரணை முழுவதும் ஜாமீனில் இருந்தவர். உடனே சிறை செல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மிகாத தண்டனை என்றால், மறுக்கச் சிறப்புக் காரணம் இருந்தாலொழிய, தண்டித்த நீதிமன்றமே அவரை ஜாமீனில் விட வேண்டும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 430, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389). தீர்ப்பு நாளிலேயே மனு கொடுங்கள். கிடைப்பது மேல்முறையீட்டுக்கான அவகாசம் மட்டுமே. அது முடிவதற்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்திவைக்கும் உத்தரவை வாங்கிவிட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு செஷன்ஸ் நீதிமன்றம் 7 ஆண்டு விதித்து நான்கு மாதமாகிறது. வக்கீல் வைக்க வசதியில்லை. கெடு போய்விட்டதா?

உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள் கெடு. தீர்ப்பு நகல் பெற ஆன நாட்கள் அதில் சேராது. மிச்சத் தாமதத்தை மன்னிக்கக் கோரி, காரணத்தைத் தேதிவாரியாக எழுதி மனுச் செய்யலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மேல்முறையீட்டை அனுப்பலாம். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இன்றே இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள்.

கேள்வி: கணவரின் மேல்முறையீடு நான்கு ஆண்டாக விசாரணைக்கே வரவில்லை. ஜாமீன் ஒருமுறை தள்ளுபடி. மறுபடி கேட்கலாமா?

தாராளமாக. மேல்முறையீட்டை நியாயமான காலத்துக்குள் கேட்க முடியாவிட்டால், வலுவான எதிர்க்காரணம் இல்லாத நிலையில் ஜாமீன் தருவதே முறை என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்தாறு ஆண்டு சிறையில் கழித்தவரிடம் பிறகு ‘நீ நிரபராதி’ என்றால் அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? அந்தத் தீர்ப்பு எழுப்பிய கவலை இதுதான். எனக்கும் இதுதான் கவலை.

ஆனால் ‘தாமதம்’ என்று பொதுவாக எழுதிய மனு நிற்காது. சிறையில் கழித்த காலத்துக்குச் சிறை நிர்வாகத்தின் சான்றிதழ் வாங்குங்கள். ஒவ்வொரு வாய்தாவும் யாரால் போனது என்று அட்டவணை போடுங்கள். உங்கள் தரப்பு கேட்ட வாய்தாக்கள் அதிகமென்றால் அரசுத் தரப்பு முதலில் அதைத்தான் எடுக்கும். ஆயுள் தண்டனை போன்ற கடும் குற்றங்களில் அரசு வழக்கறிஞர் எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும். மனு நகலை முன்கூட்டியே கொடுத்தால் ஒரு வாய்தா மிச்சம். மேல்முறையீட்டை விரைந்து விசாரிக்கக் கோரும் மனுவையும் கூடவே போடுங்கள்.

கேள்வி: தண்டனை நிறுத்திவைக்கப்பட்டால் அரசு வேலை திரும்புமா?

திரும்பாது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். அதை நிறுத்தத் தனி மனு வேண்டும், அபூர்வமாகவே கிடைக்கும்.

கேள்வி: ஜாமீன் உத்தரவு வந்தும் பிணைதாரர் கிடைக்காமல் தம்பி உள்ளேயே இருக்கிறான்.

உச்ச நீதிமன்றத்தின் 2023 வழிகாட்டுதல்படி, உத்தரவு வந்து 7 நாளில் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதற்காகக் காத்திராமல், குடும்பத்தின் வருமான விவரத்தோடு நீங்களே தளர்வு கேட்டு மனுக் கொடுங்கள்.